சம்பவ இடம்

செப்டம்பர் 4, திங்கள்

வேன் வந்துவிட்டது. வெள்ளை நிறம், பக்கவாட்டில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் வேகக் கேமரா. கம்பத்தில் மாட்டிய கேமரா என்றால் வண்டி ஓட்டுகிறவர்கள் அந்தக் கம்பத்துக்கு மட்டும் மரியாதை கொடுத்துவிட்டு மறுபடி பறப்பார்கள். இது இன்று இங்கே, நாளை வேறெங்கோ. எங்கே நிற்கும் என்று தெரியாததுதான் இதன் பலம். கணக்குப் பிரிவில் அதற்குள் ‘வசூல் வண்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஊர் முழுவதற்கும் ஒரே வேன். அதை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பது என் வேலை. விதியும் நான் எழுதியதுதான்: ஐந்நூறு மீட்டருக்குள், மூன்று வருடத்தில், மூன்று மரணம். இருந்தால் ‘தகுதி உண்டு’. இல்லாவிட்டால் ‘தகுதி இல்லை’. சிபாரிசு, போன், கண்ணீர் எதுவும் செல்லாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, மரணத்துக்கு ஒரு புள்ளி வைத்த ஊர் வரைபடத்தைச் சரிபார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் ஒன்பது சிவப்புப் புள்ளிகள், ஒன்றன்மேல் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு அதை முதல் இடமாகப் போட்டேன்.

விபத்து விவரம் எழுதும் படிவம் முன்பு மூன்று பக்கம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் நான் அதை ஒரே பக்கத்தில் அடக்கியிராவிட்டால் இந்த வரைபடம் இன்றைக்கும் முடிந்திருக்காது. எங்கள் துறைத் தலைவர் அன்று, “அறுபத்தாறு சதவீதம் பேப்பர் மிச்சம்” என்று பாராட்டினார். அவர் எதையும் சதவீதத்தில்தான் சொல்வார். அவருக்கு எங்கள் அறையில் பெயரே சதவீதம்தான்.

செப்டம்பர் 10, ஞாயிறு

ஞாயிறு என்றால் தங்கை வீடு. எனக்கு ஒருத்திக்காகச் சமைக்க அன்று கை வராது. அவளுக்கும் அது தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும். அவர் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். என் வீட்டு ஃப்ரிட்ஜில் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை என்று நேரில் பார்த்தவர்.

அவர்கள் இருப்பது தண்ணீர்த் தொட்டி சாலையில். இரண்டு வருடத்துக்கு முன் அகலப்படுத்தினார்கள். நடுவில் தடுப்பு கிடையாது, வேகத்தடை மேடு கிடையாது. நேராக, வழவழப்பாக, ஓட்டுகிறவன் காலைத் தானாக அழுத்த வைக்கிற சாலை. அவள் வேலை பார்க்கும் பள்ளி எதிர்ச்சாரியில்தான். கணக்கு டீச்சர். அவள் பிள்ளை குட்டியும் அங்கேயே நான்காம் வகுப்பு.

“எங்க ரோட்டுக்கு ஒரு நாள் அனுப்பேன்க்கா. ஒரே ஒரு நாள்.”

“உங்க ரோட்டுக்குத் தகுதி வரலடி. மேப்ல ஒரு சாவுதான் இருக்கு. மூணு வேணும்.”

“அப்ப ரெண்டு மார்க்தான் குறையுது. டியூஷன் வெச்சுப் பாஸ் பண்ண வெச்சிடறேன்.”

மாப்பிள்ளை சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் கொஞ்ச நேரம் கழித்து, “ஒண்ணு இல்லக்கா, நிறைய பேர்” என்றாள். ஊரில் பேசிக்கொள்வதை எல்லாம் கணக்கில் எடுக்க முடியாது, வரைபடத்தில் இருப்பதுதான் கணக்கு என்றேன்.

“அடி ஸ்கேலு” என்றாள். சின்ன வயதிலிருந்து எனக்கு அவள் வைத்த பெயர். இப்போது குட்டியும் ‘ஸ்கேல் பெரியம்மா’ என்கிறது.

தங்கை இருக்கும் தெரு என்பதாலேயே அங்கே அனுப்பக்கூடாது. நாளைக்கு எவனாவது விரலை நீட்டினால்?

செப்டம்பர் 12, செவ்வாய்

முதல் நாள். ஆஸ்பத்திரி வாசல், காலை எட்டு முதல் பன்னிரண்டு. மீறல்: பூஜ்யம்.

செப்டம்பர் 29, வெள்ளி

செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரி வாசல். மற்ற நாள் மற்ற ஆறு இடங்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஆறு நாள் நின்றாகிவிட்டது, ஒரு மீறல்கூட இல்லை. சதவீதம் பூரித்துப் போனார். “நூறு சதவீதக் கட்டுப்பாடு. இதை அறிக்கையில முதல் வரியாப் போடுங்க.”

போட்டேன். ஒரு சின்ன நெருடல் மட்டும். வேன் வருவதற்கு முன்னால் அங்கே என்ன வேகம் என்று நாங்கள் அளக்கவே இல்லை. இருக்கட்டும். ஒன்பது மரணம் பொய் சொல்லாது.

அக்டோபர் 8, ஞாயிறு

இவளை என்ன செய்வது? ஒரு கட்டம் போட்ட நோட்டு முழுக்க எழுதிவைத்திருக்கிறாள். வீட்டு வாசலில் இருந்து தெரிகிற இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவில் அறுபது மீட்டர். அளந்தது குட்டி, தையல் டேப்பை நாற்பது முறை எடுத்து எடுத்து வைத்து. ஒரு வண்டி அந்தத் தூரத்தைக் கடக்க ஐந்தரை செகண்டு எடுத்துக்கொண்டால் வேகம் நாற்பதுக்குள், அதாவது பாஸ். அதற்குக் குறைந்தால் ஃபெயில். ஒவ்வொரு வண்டிக்கும் பரீட்சைத்தாள் திருத்துகிற மாதிரி சிவப்பு மையில் போட்டிருக்கிறாள். ஐம்பது வண்டியில் ஒன்பது பாஸ்.

“ஒரே ஒரு காலை, கையில ஸ்டாப்வாட்ச். இதெல்லாம் சாம்பிளே இல்லடி.”

“நீ முழுசாப் படி. கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கணும், சொல்லிட்டேன்.”

அவள் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரல். கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 9, திங்கள்

நோட்டில் முதல் நான்கு பக்கம் பார்த்தேன். கணக்கு சரிதான், அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. ‘சாம்பிள் போதாது’ என்று ஒரு சீட்டு எழுதி அட்டையில் ஒட்டி, மேசையின் மூன்றாவது இழுப்பறையில் வைத்திருக்கிறேன். சாவகாசமாகப் பார்க்கலாம்.

நவம்பர் 21, செவ்வாய்

வேனில் உட்காரும் கேமராக்காரர் இன்று என் அறைக்கே வந்துவிட்டார்.

“மேடம், அந்த ஆஸ்பத்திரி வாசல்ல பஸ்ஸு கூட நடந்துதான் போகுது. ரெண்டு மேடு இருக்கு, வாசல் பூரா ஆம்புலன்ஸு. யாரு அங்க வேகமாப் போவா? எனக்கு இல்ல, கேமராவுக்கே தூக்கம் வருது.”

“நாம நிக்கறதாலதான் மெதுவாப் போறாங்க.”

“நாம நிக்காத புதன்கிழமையும் அப்படித்தான் போறாங்க மேடம். எங்க வீட்டம்மாவை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன், பார்த்தேன்.”

விவரம் இல்லாதவர் என்று நினைத்துக்கொண்டேன். விவரம் என்னிடம்தானே இருக்கிறது.

டிசம்பர் 17, ஞாயிறு

குட்டியை நேற்று ஒரு லாரி உரசிக்கொண்டு போயிருக்கிறது. பையின் ஓரம் கிழிந்திருக்கிறது, அவ்வளவுதான். தங்கை அந்தப் பையைத் தைத்துக்கொண்டே கேட்டாள்.

“நோட்டைப் படிச்சியா?”

“படிச்சேன்.”

“கடைசி வரைக்குமா?”

“ஆமா.”

“அப்படியும் தகுதி வரலையா?”

“வரல.”

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் நான் இருந்தேன். அவள், “சரி. நீ பார்த்துட்டுச் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை.

பொய்தான். சின்னப் பொய். வருடக் கடைசி அறிக்கை முடியட்டும், அடுத்த வாரம் உட்கார்ந்து படித்துவிடுவேன்.

பிப்ரவரி 12, திங்கள்

காலை 7.50. தண்ணீர்த் தொட்டி சாலை. தலையில் அடி. குட்டி தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டதென்று திரும்ப வீட்டுக்குள் ஓடியிருக்கிறது. அதனால் அவள் மட்டும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

நினைவு வரவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள். உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம், பத்து நிமிடம்.

மோதிய கார் ஓடவில்லை. ஓட்டியவர் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாராம். எழுபத்தெட்டில் வந்திருக்கிறார். அந்தச் சாலையில் எல்லாரும் வருகிற வேகம்தான் அது.

பதினோரு மணிக்கு மாடி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் வேன் நின்றுகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை. என் அட்டவணைப்படி, என் கையெழுத்துப்படி, நிமிடம் பிசகாமல்.

கேமராக்காரர் என்னைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தார். விஷயம் தெரிந்ததும் போய், இரண்டு டீ வாங்கி வந்தார். ஒன்றை மாப்பிள்ளை கையில் வைத்து மூடிவிட்டார். “எந்த இடம் மேடம்?” என்று கேட்டார். சொன்னேன். அவர் ஜன்னல் வழியே தன் வேனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 17, சனி

என் பத்து நிமிடத்தில் அவள் காதருகே பேசினேன். விரல் அசைகிற மாதிரி இருந்தது. நர்ஸ் அப்படி எல்லாருக்கும் தோன்றும் என்றாள். அதட்டலாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

நோட்டைப் படிக்கிறேன்டி, இந்த வாரமே படிக்கிறேன் என்றேன். எழுந்து உட்காரு. திட்டு. என்ன வேண்டுமானாலும் சொல்லு.

பிப்ரவரி 21, புதன்

காலை 6.10. போய்விட்டாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை. எங்கே போவது?

மார்ச் 6, புதன்

சதவீதம் வீட்டுக்கு வந்தார். “ஆறிலும் சாவு, நூறிலும் சாவும்மா” என்றார். முதல்முறையாகச் சதவீதம் சேர்க்காமல் ஒரு நூறு சொன்னார். சிரிப்பு வந்தது. இதைச் சொல்ல எனக்கு ஒருத்திதான் இருந்தாள். போனை எடுத்து அவள் நம்பர் வரைக்கும் போய்விட்டேன்.

மார்ச் 18, திங்கள்

விடுப்புக்குப் பிறகு முதல் நாள் வேலை. போயிருக்கக்கூடாது. இல்லை, போனதுதான் சரி.

பிப்ரவரி மாதப் புள்ளிகள் வரைபடத்தில் ஏறியிருந்தன. நான் முதலில் தண்ணீர்த் தொட்டி சாலையைத்தான் பார்த்தேன். வேறு எதைப் பார்ப்பேன்? அங்கே அந்தப் பழைய ஒற்றைப் புள்ளி மட்டும் இருந்தது. இன்னும் ஏற்றவில்லை போலிருக்கிறது, கிடப்பில் இருக்கும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒன்பது இருந்தது பத்து ஆகியிருந்தது. அங்கே வேன் நிற்கும்போது எப்படி ஒன்று கூடும் என்று அந்தப் புள்ளியைத் தொட்டுத் திறந்தேன்.

பெண். வயது 38. நடந்து சென்றவர். இறந்த தேதி: பிப்ரவரி 21. சம்பவ இடம்: பெரிய ஆஸ்பத்திரி.

ஏய், நீ இங்க என்னடி பண்ற?

சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

மார்ச் 19, செவ்வாய்

விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பதிவுப் பெண்ணைக் கேட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

“அந்த எடத்துலயே செத்தா போலீஸ் தாள் வரும் மேடம், அதுல ரோடு பேரு இருக்கும், போட்டுடுவேன். ஆஸ்பத்திரில சேர்த்து நாலு நாள் கழிச்சு செத்தா ஆஸ்பத்திரி தாள் வரும். ஃபார்ம்ல ‘சம்பவ இடம்’னு ஒரே ஒரு கட்டம். செத்த சம்பவம் ஆஸ்பத்திரிலதானே நடந்துச்சு? அதைத்தான் போடறேன்.”

“யார் இப்படிப் போடச் சொன்னது?”

“யாரும் சொல்லல. ஃபார்ம் அப்படித்தானே இருக்கு.”

அவள்மேல் குற்றமே இல்லை. பழைய மூன்று பக்கப் படிவத்தை ஆவண அறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இரண்டு கட்டங்கள். ‘அடிபட்ட இடம்’. ‘இறந்த இடம்’. இரண்டையும் ஒன்றாக்கி ‘சம்பவ இடம்’ என்று பெயர் வைத்தது யார்? ஒரு வரி மிச்சம் பிடிக்க. ஒரே பக்கத்தில் அடக்க. பாராட்டு வாங்க.

ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர்கூடச் சாகவில்லை. பத்துப் பேரும் வேறெங்கேயோ அடிபட்டு, தூக்கிக்கொண்டு வரப்பட்டு, உள்ளே கட்டிலில் செத்தவர்கள். நான் அவர்களை வாசலில் குவித்து, அதற்கு நேரே ஒரு கேமராவை நிறுத்தி, ஆறு மாதம் காவல் காத்திருக்கிறேன்.

அப்புறம் மூன்றாவது இழுப்பறையைத் திறந்தேன்.

கடைசிப் பக்கம். அவள் கையெழுத்து, முத்து முத்தாக. தெருவில் வீடு வீடாகக் கேட்டிருக்கிறாள்.

பேப்பர் போடுகிறவர் — நவம்பர் 3 — ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள்.
ஓய்வுபெற்ற தபால்காரர், மூலை வீடு — மார்ச் 15 — ஆஸ்பத்திரியில் பதினோராம் நாள்.
பழக்கடைக்காரர் — மே 20 — அங்கேயே.
தையல்காரம்மா — ஜூலை 8 — ஆஸ்பத்திரியில் மறுநாள்.

கீழே ஒரு கோடு போட்டுக் கூட்டியிருக்கிறாள்.

மொத்தம் 4. அக்கா, பாஸ் மார்க் 3 தானே?

மார்ச் 20, புதன்

தேதிகளை ஒப்பிட்டுவிட்டேன். பேப்பர்காரர், தபால்காரர், தையல்காரம்மா, மூவரும் ஆஸ்பத்திரி வாசல் புள்ளிகளில் இருக்கிறார்கள். ஒரு நாள் பிசகவில்லை. வேன் வருவதற்கு முன்பே தண்ணீர்த் தொட்டி சாலைக்குத் தகுதி இருந்தது. ஊரிலேயே முதல் இடமாக வந்திருக்கும். செவ்வாயும் வெள்ளியும் அங்கே நின்றிருக்கும்.

அவள் அடிபட்டது திங்கட்கிழமை. ‘அன்றைக்கு வேன் எப்படியும் அங்கே நின்றிருக்காது’ என்று மத்தியானம் ஒரு நிமிடம் மனசு ஒரு சாக்கு கண்டுபிடித்தது. எனக்கே வெட்கமாக இருந்தது. ஐந்து மாதம் நின்றிருந்தால் திங்கட்கிழமைக்கும் அந்தக் கார்க்காரருக்குக் காலில் ஒரு பயம் இருந்திருக்கும். அதற்காகத்தானே நகர்கிற கேமரா. நானே எழுதியது, முதல் பக்கத்தில், தடித்த எழுத்தில்.

சதவீதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

“மேப்பைத் திருத்திடலாம்மா. அடுத்த அட்டவணையில அந்த ரோட்டைச் சேர்த்துடுங்க. பழைய மேப் எங்கேன்னு யாரும் கேக்கப் போறதில்ல.”

“நான் கேக்கறேன் சார்.”

“நீங்க துக்கத்துல இருக்கீங்க. இப்ப எதையும் எழுதாதீங்க.”

எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மார்ச் 24, ஞாயிறு

போனேன்.

குட்டி ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. கூடத்தில் அவள் செருப்பு இன்னும் அதே மூலையில் இருந்தது. குட்டியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். மாப்பிள்ளை ஏதோ மருத்துவக் காகிதம் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து ஃபைலை எடுத்து வந்தார்.

நோட்டை அவர் முன்னால் வைத்தேன். படிவத்தைச் சொன்னேன். புள்ளிகளைச் சொன்னேன். டிசம்பரில் படித்தேன் என்று நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். அது யாருக்கும் தெரியாது, தெரிந்தவள் இல்லை. ஆனால் அவள் அன்று ‘நீ பார்த்துட்டுச் சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்றாளே.

அவர் கடைசிப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம்.

“இதை எழுதறப்போ நான் கிண்டல் பண்ணேன் அண்ணி. அக்காவுக்குக் காதல் கடிதமான்னு. நான் படிக்கல. எனக்குப் படிக்கணும்னு தெரியாது.” நோட்டை மூடினார். “உங்களுக்குத் தெரியும்.”

“ஆமா.”

“டிசம்பர்லேர்ந்து அவ கம்பத்தைப் பார்த்து நேரம் குறிக்கறதையே விட்டுட்டா. அக்காவே பார்த்துச் சொல்லிட்டா, இனிமே நாமதான் பார்த்துப் போகணும்னு சொன்னா.”

நான் அழவில்லை. அழுதால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். அவ்வளவு நல்லவர் அவர்.

வாசல்வரை வந்தார். “கொஞ்ச நாளைக்கு வராதீங்க அண்ணி. எனக்கு உங்க முகத்தைப் பார்க்க முடியல. குட்டிகிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன்.”

நோட்டு அவரிடமே இருக்கட்டும் என்று வைத்துவிட்டு வந்தேன். குட்டி பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து கை காட்டியது. நானும் காட்டினேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

அறிக்கை கொடுத்துவிட்டேன். நான்கு பக்கம். ‘படிவத்தில் ஏற்பட்ட பிழை’ என்று முதலில் எழுதியிருந்தேன். பிழை தானாக ஏற்படுமா? அடித்துவிட்டு ‘படிவத்தில் நான் செய்த பிழை’ என்று எழுதினேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. விளக்கம் ஏற்கெனவே கொடுத்ததுதான். திட்டப் பிரிவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எந்தப் பிரிவு வேண்டும் என்று சதவீதம் கேட்டார், பாவம், ஏதோ நல்லது செய்கிற நினைப்பில். பதிவுப் பிரிவு என்றேன். அங்கே போனால் முன்னேற்றம் பூஜ்யம் சதவீதம் என்றார்.

ஏப்ரல் 29, திங்கள்

படிவம் மறுபடி இரண்டு கட்டம். ‘அடிபட்ட இடம்’. ‘இறந்த இடம்’. இரண்டாம் பக்கத்துக்கு நான்கு வரி வழிகிறது. வழியட்டும்.

நானும் பதிவுப் பெண்ணும் பழைய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்கிறோம். எங்கே அடிபட்டார் என்று கேட்க வேண்டும். சிலர் திட்டுகிறார்கள். சிலர் அழுகிறார்கள். ஒரு பெரியவர், “இத்தனை நாள் கழிச்சு யாராவது கேட்டாங்களே” என்று சொல்லிவிட்டு, மகன் விழுந்த இடத்தைக் கடை கடையாக அடையாளம் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

மே 3, வெள்ளி

பத்துப் பேரில் ஒன்பது பேரை அவரவர் சாலையில் கொண்டுபோய் வைத்தாகிவிட்டது. ஒருத்தி பாக்கி. சரியான இடம் எனக்குத் தெரியாது. பள்ளி வாசலுக்கு நேரா, கொஞ்சம் முன்னாலா? இதைக் கேட்க ஒரே ஒரு வீட்டுக்குத்தான் போன் செய்ய வேண்டும். என்னால் முடியவில்லை.

பதிவுப் பெண் ஒன்றும் கேட்காமல் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். திரும்பி வந்து ஒரு சீட்டை என் முன்னால் வைத்தாள். ‘இரண்டாவது கம்பத்துக்கு இந்தப் பக்கம், ஏழு அடி.’

“சார் அங்க போய் நின்னு, காலால அளந்து சொன்னாரு மேடம்.”

புள்ளியை நான்தான் நகர்த்தினேன். ஆஸ்பத்திரி வாசலில் இப்போது ஒன்றும் இல்லை. இழுப்பறையைப் பூட்டிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன், வாயில் சேலையை வைத்துக்கொண்டு. போதும் என்கிற வரைக்கும் அழுதேன். போதவில்லை.

மே 14, செவ்வாய்

இன்று முதல் வேன் தண்ணீர்த் தொட்டி சாலையில். அட்டவணை போட்டது நான் இல்லை, திட்டப் பிரிவின் புதுப் பையன். கேமராக்காரர் மாலையில் பதிவுப் பிரிவைத் தேடிக்கொண்டு வந்தார்.

“நாலு மணி நேரத்துல நூத்து அறுபத்தி மூணு மேடம். கேமராவுக்குக் கண் மூட நேரமில்ல.”

அப்புறம் தயங்கி, “இரண்டாவது கம்பத்துகிட்ட வண்டியை நிறுத்தல. கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். அங்க நிறுத்த மனசு வரல” என்றார்.

மே 26, ஞாயிறு

சமைத்தேன். ஒருத்திக்கு.

ஜூன் 19, புதன்

மாலை ஆறு மணி இருக்கும். துணி மடித்துக்கொண்டிருந்தேன். போனில் அவள் பெயர். அவள் நம்பர். எடுத்தேன்.

“பெரியம்மா, நான்தான்.”

அவள் போனைக் குட்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு.

“நான் அம்மா நோட்டுல எழுதறேன். அப்பா வாசல்ல உக்காந்துப்பாரு, நான் ஸ்டாப்வாட்ச் அமுக்குவேன். ரோட்டுப் பக்கம் போக மாட்டேன்.”

“சரிடா கண்ணு.”

“அம்மா போட்ட மாதிரியே அம்பது வண்டி. இன்னிக்கு முப்பத்தி நாலு பாஸ்.”

“வேன் நின்னுச்சா?”

“இல்லியே. இன்னிக்குப் புதன்கிழமை. வேனே வரல.”

முப்பத்து நான்கு. வேன் இல்லாத நாளில்.

“அம்மாதுல ஒன்பதுதான் பெரியம்மா. அம்மா கிட்ட சொல்ல முடியாதுல்ல. அதான் உங்ககிட்ட சொல்றேன்.” அப்புறம், “இருங்க, அப்பா பேசணுமாம்.”

போன் கை மாறுகிற சத்தம். மாப்பிள்ளை மூச்சு விடுவது கேட்டது. பின்னால் ஒரு வண்டி போனது, மெதுவாக.

“அண்ணி.”

“சொல்லுங்க மாப்பிள்ளை.”

“நோட்டுல பக்கம் தீர்ந்துடுச்சு. கடைசிப் பக்கத்துல அவ எழுதினதுக்குக் கீழ குட்டி எழுதப் போச்சு. நான் வேணாம்னு சொல்லிட்டேன்.” தொண்டையைச் செருமினார். “ஞாயித்துக்கிழமை வரும்போது புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

கட்டம் போட்டதாக வாங்க வேண்டும். அவள் வாங்கிய அதே அளவு.